பயோடீசல் தரச் சோதனையை ஜி.சி.யில் தானியங்கியாக ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பஜ்ஜிக் கடையிலும் ஓட்டலிலும் பொரித்து முடித்த எண்ணெய் பயோடீசல் ஆலைக்கு வந்து சேரும்போது, ஒரு டிரம் போல இன்னொரு டிரம் இருக்காது. ஒன்று பாமாயில், ஒன்று சூரியகாந்தி, இன்னொன்றில் கோழி பொரித்த கொழுப்பும் கலந்திருக்கும். 2018 ஜூலை முதல், துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சூட்டில் சிதையும்போது உண்டாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட எண்ணெயை ஆலைகளுக்குத் திருப்பிவிடும் வேலை முறையாக நடக்கத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் மூலப்பொருள் தினமும் மாறுகிறது என்பதால், ஒவ்வொரு பேட்ச்சையும் சோதித்தாக வேண்டும். கையால் செய்தால் ஒரு கெமிஸ்ட் நாளைக்கு ஏழெட்டு மாதிரிக்கு மேல் நிம்மதியாகச் செய்ய முடியாது. அதனால்தான் மாதிரியைத் தானே தயாரித்துச் சோதனைக் கருவிக்குள் செலுத்தும், ரோபோ கையுள்ள ஆட்டோசாம்ப்ளர்.

தானியங்கிக் கருவி ஒரே வேலையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும். தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் தப்பையும் அதே ஒழுங்கோடு செய்யும். ஆகவே இந்த வழிகாட்டியில் கருவியை ஓட்டுவதைவிட, அது தப்பு செய்தால் நமக்குத் தெரியும்படி எப்படி அமைப்பது என்பதற்கே அதிக இடம் தருகிறேன்.

எதை அளக்கிறோம், ஏன்

எண்ணெய் என்பது டிரைகிளிசரைடு. கிளிசராலின் மூன்று கைகளிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். வினையூக்கியோடு மெத்தனால் சேர்த்தால் அவை ஒவ்வொன்றாகக் கழன்று மெத்தில் எஸ்டர் ஆகும். அந்த எஸ்டர்தான் பயோடீசல். டிரை முதலில் டை ஆகும், டை மோனோ ஆகும், மோனோ கடைசியில் கிளிசரால் ஆகும். வினை பாதியில் நின்றால் இந்த இடைப்பட்ட ஆட்கள் எல்லாம் எரிபொருளிலேயே தங்கிவிடுவார்கள்.

இவர்களில் மோனோகிளிசரைடுதான் பெரிய தொல்லை. பாமாயிலில் பால்மிட்டிக் அமிலம் அதிகம் என்பதால், அதிலிருந்து வரும் பயோடீசலில் மோனோபால்மிடின் இருக்கும். குளிரில் இது மெழுகு போலப் படிந்து ஃபில்டரை அடைக்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2005 செப்டம்பரில் டீசலில் 2% பயோடீசல் கலப்பதைக் கட்டாயமாக்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே லாரிகளின் ஃபில்டர்கள் அடைபட்டு, ஆணையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வேண்டிவந்தது. கிளிசரால் வரம்பை மீறிய சரக்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் அவ்வளவு குளிர் ஏது என்று தோன்றலாம். பாமாயில் பயோடீசல் 13 முதல் 16 டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் ஊட்டி மலை ஏறும் வண்டிக்கு அது போதும்.

காஸ் குரோமட்டோகிராஃபி, அதாவது ஜி.சி.யில், மாதிரி ஆவியாகி ‘காலம்’ (column) என்ற மெல்லிய நீண்ட குழாய் வழியே ஓடும்போது அதன் கூறுகள் பிரிந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். டிடெக்டர் ஒவ்வொன்றையும் ஒரு மேடாக, அதாவது பீக்காக, வரையும். அந்த வரைபடம்தான் குரோமட்டோகிராம். இதில் மூன்று சோதனைகள் உண்டு.

- கிளிசராலும் கிளிசரைடுகளும்: இ.என். 14105 (ஐரோப்பிய முறை) அல்லது ஏ.எஸ்.டி.எம். டி6584 (அமெரிக்க முறை). தனிக் கிளிசரால் (எதனோடும் ஒட்டாமல் இருப்பது) 0.02 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மொத்தக் கிளிசரால் (கிளிசரைடுகளுக்குள் இருப்பதையும் சேர்த்தது) ஐரோப்பிய வரம்பில் 0.25, அமெரிக்க வரம்பில் 0.24. ஐரோப்பாவில் மோனோவுக்குத் தனியாக 0.70 என்ற வரம்பும் உண்டு.
- எஸ்டர் அளவு: இ.என். 14103. குறைந்தது 96.5%.
- மிச்ச மெத்தனால்: இ.என். 14110. அதிகபட்சம் 0.20%.

இந்தியத் தரம் ஐ.எஸ். 15607-ம் எஸ்டர், மெத்தனால், கிளிசரால் ஆகியவற்றுக்கு ஐரோப்பாவை ஒட்டியே போகிறது. மூன்றில் கிளிசரால் சோதனைதான் சிக்கலானது, தானியங்கியால் அதிகம் பலன் பெறுவதும் அதுதான். அதை விரிவாகப் பார்ப்போம்.

படி 1: மாதிரி எடுப்பது

ரோபோ இதில் உதவாது. டேங்கில் கிளிசரால் அடியில் தங்கும். மேலே மட்டும் மொண்டால் தேவலோகத்துப் பயோடீசல் கிடைக்கும், அடியில் மட்டும் மொண்டால் சரக்கே தேறாது. மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் எடுத்துக் கலந்து, கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள்.

லேபுக்கு வந்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது படிந்திருந்தால் அதுதான் நாம் தேடும் மோனோ. அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை எடுத்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. வெந்நீர்த் தொட்டியில் வைத்து முழுக்கத் தெளியும்வரை சூடாக்கி, நன்றாகக் குலுக்கி, அப்புறம்தான் எடை போட வேண்டும்.

படி 2: கருவியைத் தயார் செய்வது

கிளிசரால் சோதனையில் அடுப்பு 380 டிகிரி வரை போகும். டிரைகிளிசரைடு அவ்வளவு கனம், அதற்குக் கீழே காலத்தைவிட்டு வெளியே வராது. சாதாரண சிலிக்கா காலத்தின் மேல்பூச்சு இந்தச் சூட்டில் நாளடைவில் மொறுமொறுவென்று உடையத் தொடங்கிவிடும். அதிவெப்பம் தாங்கும் பூச்சுள்ள காலம் வாங்குங்கள். கட்டுப்படியானால் உலோகக் காலமே வாங்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் காலம் முறிந்து ஹைட்ரஜன் அடுப்புக்குள் கசிவதை நினைத்தால் அது பெரிய செலவே இல்லை. காலம் வழியே ஓட்டும் வாயு எதுவானாலும் அடுப்பில் ஹைட்ரஜன் சென்சார் ஒன்று பொருத்திவிடுங்கள்.

டி6584 கேட்கும் அமைப்பு இது: 5% ஃபீனைல் உள்ள காலம், நீளம் 10 முதல் 15 மீட்டர், உள்விட்டம் 0.32 மி.மீ., படலம் 0.1 மைக்ரான். அதற்கு முன்னால் 0.53 மி.மீ. விட்டமுள்ள பூச்சில்லாத குழாய் 2 முதல் 5 மீட்டர். இன்ஜெக்டர் குளிர்ந்த நிலையில் நேரடியாகக் காலத்துக்குள் விடும் வகை. சூடான இன்ஜெக்டரில் விட்டால் கனமான கிளிசரைடுகள் ஊசியிலேயே தங்கி, டிரை குறைவாகக் காட்டும். ரோபோவின் ஊசி 0.53 குழாய்க்குள் நுழையும் அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். முதல் முறை ஆளில்லாமல் ஓடவிடும் முன், ஊசி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பத்துமுறையாவது பாருங்கள்.

அடுப்பின் ஓட்டம்: 50 டிகிரியில் 1 நிமிடம், நிமிடத்துக்கு 15 டிகிரியாக 180 வரை, 7 டிகிரியாக 230 வரை, 30 டிகிரியாக 380 வரை, அங்கே 10 நிமிடம். கூட்டினால் கிட்டத்தட்ட 32 நிமிடம். மறுபடி 50-க்குக் குளிர்வதையும் சேர்த்தால் ஒரு மாதிரிக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் முழுக்க ஓடினால் முப்பதைத் தாண்டலாம்.

படி 3: ரோபோவுக்கு வேலை சொல்வது

கிளிசராலிலும் மோனோவிலும் உள்ள ஓ.எச். (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) கைகள் காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பீக் வால் நீண்டு இழுபடும். அந்தக் கைகளுக்கு உறை போட்டுவிட வேண்டும். உறை போடும் ரசாயனத்தின் பெயர் எம்.எஸ்.டி.எஃப்.ஏ. இந்த வேலையைச் சிலைலேற்றம் என்பார்கள்.

கையால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: குப்பியில் 100 மி.கி. மாதிரியை எடை போடுவது. இதையும் ரோபோவிடம் கொடுக்கலாம். ஆனால் பயோடீசல் கெட்டியான திரவம், சிரிஞ்சில் குமிழி சேரும், அளவு தவறும். தராசே நம்பகமானது என்பது என் அனுபவம். தராசிலிருந்து எடை நேராகக் கணினிக்குப் போகட்டும், பேனாவால் எழுத வேண்டாம். 99.8-ஐ 98.9 என்று எழுதுவது யாருக்கும் நடக்கும்.

மீதியை ரோபோ செய்யும். முதல் இரண்டு கரைசல்களும் உள்தரங்கள், அதாவது ஒப்பிட்டு அளப்பதற்காகத் தெரிந்த அளவில் நாமே சேர்ப்பவை:

1. பியூட்டேன்டிரையால் கரைசல் 100 மைக்ரோலிட்டர் (1 மி.லி.யில் 1 மி.கி.).
2. டிரைகாப்ரின் கரைசல் 100 மைக்ரோலிட்டர் (1 மி.லி.யில் 8 மி.கி.).
3. எம்.எஸ்.டி.எஃப்.ஏ. 100 மைக்ரோலிட்டர், இதற்கென்றே தனி சிரிஞ்ச்.
4. குலுக்கியில் கலக்கி, அறை வெப்பத்தில் 20 நிமிடம் காத்திருப்பு.
5. ஹெப்டேன் (கரைப்பான்) 8 மி.லி., மறுபடி கலக்கல்.
6. 1 மைக்ரோலிட்டர் இன்ஜெக்‌ஷன்.

ஐந்தாவது படியில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூடிய 10 மி.லி. குப்பிக்குள் 8 மி.லி. திரவத்தைத் தள்ளினால் உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். அப்புறம் ஊசி குத்தியதும் பீய்ச்சி அடிக்கும், இல்லையென்றால் சிரிஞ்ச் தண்டு வளையும். 20 மி.லி. குப்பி பயன்படுத்துங்கள். ஒவ்வொரு 2 மி.லி. சேர்த்த பிறகும் அதே அளவு காற்றை உறிஞ்சி வெளியே விடும்படி ரோபோவுக்குச் சொல்லுங்கள்.

சிரிஞ்சைக் கழுவ ஹெப்டேன் மட்டும் போதும். எத்தனாலோ மெத்தனாலோ கழுவும் பாட்டிலில் இருக்கவே கூடாது. எம்.எஸ்.டி.எஃப்.ஏ.வுக்கு ஓ.எச். எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஆல்கஹாலைக் கண்டால் அதற்கு உறை போட்டே தீர்ந்துபோகும்.

தயாரிப்பையும் ஓட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு மாதிரி ஜி.சி.யில் ஓடும்போது ரோபோ அடுத்த மாதிரியைத் தயாரிக்கட்டும். இதனால் நேரம் மிச்சம் என்பது வெளிப்படை. அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு: ஒவ்வொரு மாதிரியும் உறை போட்ட பிறகு ஒரே அளவு நேரம் காத்திருந்து உள்ளே போகிறது. கையால் இருபது குப்பியைக் காலையிலேயே தயாரித்து வரிசையாக வைத்தால், இருபதாவது குப்பி அரை நாளுக்கு மேல் ஊறிவிட்டிருக்கும்.

படி 4: எச்சரிக்கை மணி கட்டுவது

ஒரு ஐப்பசியில், அடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில், ராத்திரி 22 மாதிரிகளை வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் எல்லாமே தேர்ச்சி. மோனோ 0.4, 0.3 என்று வழக்கத்தைவிட அழகான எண்கள். லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

முடிவுகள் டேங்க் எண் வாரியாக அச்சாகியிருந்ததால் முதலில் எதுவும் கண்ணில் படவில்லை. ஏதோ உறுத்த, ஓடிய வரிசைப்படி அடுக்கிப் பார்த்தேன். 0.61, 0.58, 0.52, 0.41 என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே போயிருந்தது. வெவ்வேறு டேங்குகள் ஓடிய வரிசையில் இப்படி இறங்க வாய்ப்பே இல்லை. குரோமட்டோகிராமைத் திறந்தால் பியூட்டேன்டிரையால் பீக் முதல் மாதிரியில் இருந்ததில் பாதிகூட இல்லை. டிரைகாப்ரின் பீக் அப்படியே இருந்தது. எம்.எஸ்.டி.எஃப்.ஏ. குப்பியை எடுத்துப் பார்த்தேன். மூடியின் செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் தட்டு) பலமுறை குத்துப்பட்டுச் சல்லடையாகியிருந்தது. மழைக்காலத்து ஈரக்காற்று அந்த ஓட்டை வழியே இறங்கி ரசாயனத்தைத் தின்றுவிட்டது. லாரியை கேட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, புதுக் குப்பியில் மறுபடி ஓட்டினேன். வாங்குபவர் ஐரோப்பிய வரம்பைக் கேட்டிருந்தார். லாரியில் ஏறிய டேங்கின் மோனோ 0.73.

அன்று கற்றதை இங்கே விதியாகத் தருகிறேன். பியூட்டேன்டிரையாலுக்கு ஓ.எச். கைகள் உண்டு, ஆகவே உறை தேவை. டிரைகாப்ரினுக்கு அந்தக் கைகள் இல்லை, உறை தேவையில்லை. சிலைலேற்றம் கெட்டால் முதலது சுருங்கும், இரண்டாவது அசையாது. டி6584-இல் மோனோவைக் கணக்கிடுவது டிரைகாப்ரினோடு ஒப்பிட்டு என்பதால், உறை போடாத மோனோ நேராகக் குறைவாகத் தெரியும், அதாவது கெட்ட சரக்கு நல்ல சரக்காகத் தெரியும். இரண்டு பீக்குகளின் பரப்பு விகிதம்தான் உங்கள் மணி.

செய்ய வேண்டியது: ஈரமில்லாத நல்ல மாதிரிகள் இருபதில் இந்த விகிதத்தை எடுத்துச் சராசரி காணுங்கள். மென்பொருளில் ஒரு விதி எழுதுங்கள்: விகிதம் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் முடிவை வெளியிடாதே, வரிசையை நிறுத்து. 10% என்பது நான் வைத்துக்கொண்ட அளவு, உங்கள் கருவிக்கு ஏற்ப மாற்றலாம். எம்.எஸ்.டி.எஃப்.ஏ.வைச் சிறு குப்பிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆறு மாதிரிக்கு மேல் பயன்படுத்தாதபடி ரோபோவிடம் சொல்லிவிடுங்கள். மாதிரியிலேயே தண்ணீரோ மெத்தனாலோ அதிகம் இருந்தாலும் இதே மணி அடிக்கும். ஒரே ஒரு குப்பியில் மட்டும் அடித்தால் மாதிரியைப் பாருங்கள், தொடர்ச்சியாக இறங்கினால் ரசாயனத்தைப் பாருங்கள்.

இ.என். 14105-இன் 2011 பதிப்பில் சி19 (19 கார்பன் உள்ள) அமிலத்தால் செய்த மோனோ, டை, டிரை மூன்றும் தனித்தனி உள்தரங்களாகச் சேர்க்கப்படுகின்றன. அங்கே மோனோவின் உள்தரத்துக்கும் உறை தேவை என்பதால் பிழை ஓரளவு தானே ஈடாகும். ஆனாலும் மணியைக் கழற்ற வேண்டாம்.

படி 5: அளவுகோலும் கணக்கும்

கிளிசரால், மோனோஓலின், டைஓலின், டிரைஓலின் நான்கையும் பிரிடினில் கரைத்த தரக் கரைசல்கள் கடையிலேயே கிடைக்கும். ஐந்து மட்டங்களில் தயாரித்து, மாதிரிக்குச் செய்வதையெல்லாம் அப்படியே ரோபோவைக் கொண்டு செய்யுங்கள். அளவுகோலைக் கையாலும் மாதிரியை ரோபோவாலும் தயாரித்தால் இரண்டும் வேறு வேறு உலகம். நேர்கோட்டின் தொடர்புக்கெழு 0.99-க்குக் குறையக் கூடாது.

பீக் வரும் வரிசை: கிளிசரால், பியூட்டேன்டிரையால், எஸ்டர்களின் பெரிய மலை, மோனோக்கள், டிரைகாப்ரின், டை, டிரை. மோனோக்கள் மூன்று நான்கு பீக்குகளாக நெருங்கி நிற்கும். கணினி சில சமயம் பேஸ்லைனை, அதாவது பீக்குகளின் அடிக்கோட்டை, பள்ளத்தில் இழுத்துவிடும். புது மூலப்பொருள் வந்த முதல் வாரம் முழுக்க, ஒவ்வொரு குரோமட்டோகிராமிலும் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிக் கண்ணால் பார்ப்பது என் வழக்கம்.

மொத்தக் கிளிசராலுக்கு ஐரோப்பிய முறையில், தனிக் கிளிசராலோடு மோனோவின் 0.255 பங்கு, டையின் 0.146 பங்கு, டிரையின் 0.103 பங்கு கூட்ட வேண்டும். ஒரு கணக்கு: தனிக் கிளிசரால் 0.012, மோனோ 0.62, டை 0.15, டிரை 0.11 என்றால், 0.012 + 0.158 + 0.022 + 0.011 = 0.203. வரம்புக்குள். இதில் முக்கால் பங்குக்கு மேல் மோனோவிலிருந்தே வருகிறது. டி6584-க்கு எண்கள் கொஞ்சம் வேறு: 0.2591, 0.1488, 0.1044. இரண்டு முறையையும் ஓட்டும் லேபில் இவற்றை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

படி 6: எஸ்டர் அளவு

இங்கே வேக்ஸ் வகைப் பூச்சுள்ள காலம் வேண்டும்: 30 மீட்டர், படலம் 0.25 மைக்ரான். 100 மி.கி. மாதிரி, 100 மி.கி. மெத்தில் நோனாடெகனோயேட் (சி19 எஸ்டர், இங்கே இதுதான் உள்தரம்), 10 மி.லி. டொலுவீன். 60 டிகிரியில் 2 நிமிடம், நிமிடத்துக்கு 10 டிகிரியாக 200 வரை, 5 டிகிரியாக 240 வரை, அங்கே 7 நிமிடம். பழைய பதிப்பில் சி17 எஸ்டரை உள்தரமாக வைத்திருந்தார்கள். விலங்குக் கொழுப்பில் சி17 இயற்கையாகவே கொஞ்சம் உண்டு என்பதால் கணக்கு குழம்பும். அதனால் 2011-இல் சி19-க்கு மாறினார்கள். ஓட்டல் எண்ணெயிலிருந்து செய்யும் ஆலைக்கு இது ரொம்ப முக்கியம்.

உள்தரத்தைக் கழித்த எஸ்டர் பரப்பை உள்தரத்தின் பரப்பால் வகுத்து, எடை விகிதத்தால் பெருக்க வேண்டும். எஸ்டர் பரப்பு 9640, உள்தரப் பரப்பு 10000, உள்தர எடை 100.2 மி.கி., மாதிரி எடை 99.8 மி.கி. என்றால் விடை 96.8%, தேர்ச்சி. ஆனால் பாட்டிலில் உள்தரத்தின் தூய்மை 99.5% என்று எழுதியிருந்து, அதையும் பெருக்கினால் 96.3%, தோல்வி. புதுப் பாட்டில் திறக்கும்போதெல்லாம் அந்தத் தூய்மை எண்ணைக் கணினியில் மாற்றாமல் வரிசையைத் தொடங்கவிடாத பூட்டு ஒன்றைப் போடுங்கள்.

படி 7: மெத்தனால்

இது சுலபம். மாதிரியை மூடிய குப்பியில் 80 டிகிரியில் 45 நிமிடம் வைத்து, மேலே சேரும் ஆவியை மட்டும் எடுத்து ஜி.சி.யில் விடுவது. ரோபோவின் சூடேற்றியில் பல குப்பிகளை நேரம் தள்ளித் தள்ளி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சரியாக 45 நிமிடம் கிடைக்கும். ஒரே கவனம்: குப்பியின் மூடியைக் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் கசிகிறது என்று அர்த்தம்.

படி 8: வரிசை அமைப்பும் பராமரிப்பும்

ஒவ்வொரு வரிசையும் இப்படித் தொடங்கட்டும்: வெறும் ஹெப்டேன், அப்புறம் விடை தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரி, அப்புறம் பத்து மாதிரி, மறுபடி கட்டுப்பாட்டு மாதிரி. கட்டுப்பாட்டு மாதிரியின் விடையை வரைபடத்தில் குறித்துவாருங்கள். இரண்டு திட்ட விலக்கம் தாண்டினால் எச்சரிக்கை, மூன்று தாண்டினால் நிறுத்தம். முடிவுப் பட்டியல் எப்போதும் ஓடிய வரிசைப்படியும் ஒரு நகல் அச்சாகட்டும். காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

எம்.எஸ்.டி.எஃப்.ஏ.வில் சிலிக்கான் இருப்பதால் டிடெக்டரின் தீ முனையில் வெள்ளைப் பொடி படியும். பேஸ்லைன் முள் முள்ளாகக் குத்தத் தொடங்கினால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கிளிசரால் பீக்கில் வால் தெரிந்தால் முன்குழாயில் சில அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, பீக்குகளின் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஆலைக்குச் சொல்வது

தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் எழுதி அனுப்பினால் கீழே ரியாக்டரில் நிற்பவருக்கு அதனால் பயனில்லை. எண்களின் சேர்க்கையே கதை சொல்லும். டிரை அதிகம் என்றால் கலக்கல் போதவில்லை, அல்லது மெத்தனால் குறைவு. டிரையும் டையும் குறைவாக, மோனோ மட்டும் அதிகம் என்றால் வினை தன் சமநிலைக்கு வந்து நின்றுவிட்டது. கிளிசராலை இடையில் பிரித்தெடுத்துவிட்டு, இன்னொருமுறை மெத்தனாலும் வினையூக்கியும் சேர்க்கச் சொல்லுங்கள். தனிக் கிளிசரால் மட்டும் அதிகம் என்றால் வினையில் குறையில்லை, கழுவியது போதவில்லை. மெத்தனாலும் சேர்ந்து ஏறியிருந்தால், முதலில் மெத்தனாலை ஆவியாக்கி எடுத்துவிட்டுப் பிறகு மறுபடி அடியில் தங்கவிடச் சொல்லுங்கள். மெத்தனால் இருக்கும்வரை கிளிசரால் எஸ்டரைவிட்டு முழுதாகப் பிரியாது.

அறிக்கையின் அடியில் அந்தப் பேட்ச்சின் பியூட்டேன்டிரையால், டிரைகாப்ரின் விகிதத்தையும் அச்சிட்டுவிடுங்கள். லாரிக்குக் கையெழுத்துப் போடுபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அது.